யார் வீட்டு ஆட்டம்?

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பது எங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் பரமபத வாசல் திறப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வன்னியம்பட்டிக்குத் திரும்ப வேண்டும். அதுவரை தூங்கக் கூடாது. தூக்கத்தை விரட்டப் பரமபத அட்டையும் தாயக்கட்டையும் வெளியே வரும். சில ஆண்டுகளாக அம்மாவுக்கு மூட்டுவலி. தரையில் சம்மணமிட்டு உட்கார முடிவதில்லை. "போன்லயே தாயம் இருக்காமேப்பா, அதை எடு, நாற்காலியில உக்காந்தே ஆடலாம்" என்றார்.

எடுத்தேன். எடுத்தவுடன் ஆடிவிட முடியுமா என்ன? அந்தச் செயலி முதலில் என் தொலைபேசியில் உள்ள பெயர்ப் பட்டியலைக் காட்டச் சொன்னது. பிறகு நான் இருக்குமிடத்தைக் கேட்டது. தாயம் உருட்டுவதற்கு நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்பது எதற்காகத் தெரியவேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. அதன்பின் புதிய பதிப்பு வந்துவிட்டதென்று சொல்லி, அதை இறக்கிக்கொள்ளும்வரை சக்கரம் சுற்றியது. ஒருவழியாகக் கட்டம் விரிந்தபோது, ஐந்து உருட்டுக்கு ஒருமுறை ஒரு விளம்பரம் முகத்தின் முன் வந்து நின்றது. அதை மூடும் பெருக்கல் குறி, மூக்குக்கண்ணாடி போட்ட கண்ணுக்கும் தட்டுப்படாத அளவில் மூலையில் ஒளிந்திருந்தது.

இவற்றையெல்லாம் அம்மா பொறுத்துக்கொண்டார். விளம்பரத்தை அவர் தெருவில் போகும் ஒலிபெருக்கி வண்டியைப் போல எடுத்துக்கொண்டார், கத்திவிட்டுப் போய்விடும். அவருக்குப் பொறுக்காதது வேறொன்று. என் காய் ஒரு சுற்றுச் சுற்றி உள்கட்டத்துக்குள் நுழைந்தபோது நிமிர்ந்து பார்த்தார்.

"நீ இன்னும் ஒரு வெட்டுக்கூட வெட்டலையே. எப்படி உள்ள போன?"

"இதுல அப்படித்தாம்மா. வெட்டாமலே போகலாம்."

"மாத்தச் சொல்லு."

"மாத்த முடியாதும்மா."

அம்மா தொலைபேசியை என் கையில் கொடுத்துவிட்டார். "இது யாரு வீட்டு ஆட்டம்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்றிரவு என்னிடம் பதிலில்லை. அதன் பின்னணியைத் தேடிப் படித்ததில் கிடைத்தவற்றை வாசக நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

* * *

தாயம் ஓர் ஆட்டம்தான் என்றாலும் அதற்கு ஒரே விதி இருந்ததில்லை. இரண்டு நாற்பட்டைக் கட்டைகளை உருட்டி ஒன்று விழுந்தால் தாயம். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். எதிரியின் காயை வெட்டலாம். மலையில் இருக்கும் காயை வெட்ட முடியாது. கடைசியில் காய் பழமாகும். இந்த அளவு பொது. இதற்கு மேல் ஒவ்வொரு தெருவும் தனக்கென விதி வைத்திருந்தது. வெட்டாமல் உள்ளே போகலாமா, ஒரே கட்டத்தில் இரண்டு காய் நின்றால் அவற்றை வெட்டலாமா, தொடர்ந்து மூன்று தாயம் விழுந்தால் செல்லுமா என்பனவற்றையெல்லாம் ஆட உட்காருவோர் ஆட்டம் தொடங்குமுன் பேசி முடிவுசெய்வார்கள். பெண் கொடுத்து எடுத்த ஊர்களுக்கிடையே விதி மாறினால், "உங்க ஊரு ஆட்டமா, எங்க ஊரு ஆட்டமா?" என்ற கேள்வியோடுதான் கட்டம் வரையப்படும். கட்டமும் சுண்ணாம்புக் கட்டியாலோ அடுப்புக்கரியாலோ திண்ணையில் வரைவதுதான். கட்டை இல்லையென்றால் சோழி. சோழியும் இல்லையென்றால் ஒரு பக்கம் உரசித் தேய்த்த புளியங்கொட்டை.

ஆடுபுலி ஆட்டத்திலும் இப்படித்தான். மூன்று புலியும் பதினைந்து ஆடும் பொதுவழக்கு. ஆனால் ஆடுகளை எல்லாம் இறக்கி முடிக்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது என்ற கட்டுப்பாட்டில் தளர்வு காட்டுவது எதிரே இருப்பவர் சிறுபிள்ளையா பெரியவரா என்பதைப் பொறுத்தது. பல்லாங்குழியில் பதினான்கு குழிகள் இருக்கும். ஒரு குழிக்கு எத்தனை முத்து என்பதில் வீட்டுக்கு வீடு வேறுபாடு. தமிழகக் கோயில்கள் பலவற்றின் கல்தளங்களில் இத்தகைய கட்டங்கள் செதுக்கப்பட்டிருப்பதைப் பலரும் பார்த்திருக்கலாம். கட்டத்தைக் கல்லில் செதுக்கியவர்கள் விதியைச் செதுக்கவில்லை. விதி, ஆடுவோரின் வாயில் இருந்தது.

பரமபதத்தின் கதை இதைவிடச் சுவையானது. நம் பக்கத்துப் பழைய அட்டைகளில் பாம்புகளுக்கு அசுரர் பெயர்களும் தீய குணங்களின் பெயர்களும் உண்டு, ஏணிகள் நற்பண்புகள், மேலே வைகுண்டம். ஆடுபவர் ஏறுவதும் இறங்குவதும் உயிரின் பயணம். இதனோடு உறவுடைய ஆட்டங்கள் வட இந்தியாவில் ஞான சௌபட் போன்ற பெயர்களில் வழங்கின. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வாட்டம் இங்கிலாந்துக்குப் போனது. அங்கே வைகுண்டம் உதிர்ந்தது. விக்டோரியா காலத்து ஒழுக்கப் பாடங்கள் சில காலம் அவ்விடத்தில் அமர்ந்தன. பின்னர் அவையும் உதிர்ந்து, நூறு கட்டங்களுடன் வெறும் பாம்பும் ஏணியும் மிஞ்சின. அச்சிட்டு விற்கும் பண்டமானவுடன் ஆட்டத்துக்கு ஒரு நிலையான உருவம் வந்துவிட்டது. பெட்டியின் மூடிக்குள் விதித்தாள் ஒட்டப்பட்டது. ஆயினும் அந்த விதித்தாளை யாரும் கட்டாயம் படித்தாக வேண்டியிருக்கவில்லை. அட்டையை வாங்கி வந்தபின் அது வாங்கியவரின் அட்டை. வீட்டுக்குள் வந்துவிட்டால் வீட்டு விதிதான்.

இந்த இடத்தில் மகாபாரதச் சூதாட்ட மண்டபத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. துரியோதனனுக்காகச் சகுனி கவறு உருட்டுவான் என்று அறிவிக்கப்பட்டபோது, ஒருவருக்காக மற்றொருவர் ஆடுவது முறையன்று என்று தருமன் சொல்கிறான். அந்த ஆட்சேபம் அங்கே எடுபடவில்லை. ஆயினும் அவன் ஆடினான். சூதின் கேட்டைப் பற்றி நம் மரபு எவ்வளவோ பேசியிருக்கிறது. திருக்குறளின் 94-ஆம் அதிகாரமே அதற்குரியது. ஆட்டத்தின் விதியைப் பேசித் தீர்க்கும் உரிமையை இழந்த பிறகும் எழுந்து போகாததுதான் தருமனின் முதல் தோல்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

* * *

கணினி ஆட்டங்களும் முதலில் திண்ணை ஆட்டங்களாகவே பிறந்தன என்பதை அறிந்தபோது வியப்பாக இருந்தது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்துக்கு 1961-ல் பி.டி.பி.-1 என்ற கணினி வந்து சேர்ந்தது. ஸ்டீவ் ரஸ்ஸல் முன்னின்று, நண்பர்களுடன் சேர்ந்து 1962-ல் 'ஸ்பேஸ்வார்' என்ற ஆட்டத்தை எழுதினார். இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுடும். அவ்வளவுதான் முதல் பதிப்பு. பின்னணி வானத்தில் புள்ளிகள் கண்டபடி சிதறியிருந்தது பீட்டர் சாம்சனுக்குப் பிடிக்கவில்லை. உண்மையான விண்மீன் மண்டலங்களை வரைந்து சேர்த்தார். ஈர்ப்பு விசை இல்லாதது டான் எட்வர்ட்ஸுக்குக் குறையாகப் பட்டது. நடுவே ஒரு சூரியனை வைத்து இழுக்கச் செய்தார். சிக்கிக்கொண்டால் தப்பிக்க வழியில்லையே என்று மார்ட்டின் கிரேட்ஸ் கலத்தைத் திடீரென மறைந்து வேறிடத்தில் தோன்றவைத்தார். கணினியின் விசைகளை இயக்கி இயக்கி முழங்கை வலிக்கிறது என்ற முறையீட்டுக்கு, ஆலன் கோட்டோக்கும் பாப் சாண்டர்ஸும் கையடக்கமான விசைப்பெட்டிகளைச் செய்து விடை கண்டார்கள். எரிச்சல்பட்டவரே சரிசெய்தார். நிரல் எல்லாருக்கும் திறந்திருந்தது. சுண்ணாம்புக் கட்டி எல்லார் கைக்கும் எட்டும் தூரத்தில் கிடந்தது.

பலர் வெவ்வேறு இடங்களிலிருந்து ஒரே ஆட்டத்துக்குள் கூடும் வழியைத் திறந்தவர்கள் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள். ராய் டிரப்ஷா 1978-ல் 'மட்' என்ற ஆட்டத்தைத் தொடங்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தெடுத்தார். படமே கிடையாது. எல்லாம் எழுத்து. இருள் சூழ்ந்த காடு, குடிசை, புதையல் என்று சொற்களில் ஓர் உலகம். வெளியிலிருந்து தொலைபேசி வழியாக வருவோருக்கு, பல்கலைக்கழகக் கணினிக்கு வேலையில்லாத இரவு வேளைகளில் இடம் கிடைத்தது. நம் ஏகாதசி இரவைப் போலவே அவர்களுடையதும் கண்விழித்த கூட்டம்தான்.

1989 நவம்பரிலிருந்து 1990 மே வரை, அவ்வகை ஆட்டம் ஒன்றின் மூத்த ஆட்டக்காரர்களுக்கிடையே ஒரு நீண்ட விவாதம் நடந்தது. இந்த ஆட்டத்திலிருந்து மனிதர்களுக்கு என்னதான் வேண்டும் என்பதே கேள்வி. பல நூறு மடல்கள். ஏறக்குறைய பதினைந்து பேர் தீவிரமாக எழுதினார்கள். இன்னும் பதினைந்து பேர் அவ்வப்போது தலைகாட்டினார்கள். அவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்த பார்ட்டில், ஆட்டக்காரர்கள் நால்வகையினர் என்று கண்டு, 1996-ல் ஒரு கட்டுரையாக எழுதினார். வெற்றியும் புள்ளியும் சேர்க்க வருபவர் ஒருவகை. ஆட்டத்தின் மூலைமுடுக்கையெல்லாம் துழாவிப் பார்க்க வருபவர் மற்றொருவகை. பேசிப் பழக வருபவர் மூன்றாம் வகை. பிறரைச் சீண்டி வீழ்த்த வருபவர் நான்காம் வகை. சீட்டுக்கட்டின் நான்கு சின்னங்களை இந்நால்வருக்கும் அடையாளமாக்கினார். ஒரு வகையினர் மிகுந்தால் மற்ற வகையினர் விலகுவர். ஆகவே ஆட்டத்தை நடத்துவது என்பது இந்நால்வருக்குமிடையே சமன் காப்பதே என்பது அவர் முடிவு.

இதைப் படித்தபோது எங்கள் தெருத் திண்ணையே கண்முன் வந்தது. தாயத்தில் தோற்றால் இரவுச் சோறு இறங்காத மாமா ஒருவர் இருந்தார். காய் நகர்த்துவதைவிடக் கதை பேசுவதில் கருத்தாக இருந்த அத்தை, தன் முறை வந்ததையே மறந்துவிடுவார். வெற்றி தோல்வி பொருட்டில்லாமல் அடுத்தவர் காயை வெட்டுவது ஒன்றையே வாழ்வின் பயனாகக் கொண்ட சித்தப்பா ஒருவர். பதினைந்து ஆடும் சேர்ந்து மூன்று புலியை மடக்க எத்தனை வழி உண்டு என்று தனியே உட்கார்ந்து காய் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த பையன் நான். இந்நால்வரையும் சேர்த்து உட்காரவைத்தது பேசி மாற்றக்கூடிய விதி.

இணையத்தில் அந்தப் பேச்சுக்கு இடமளிக்க முயன்றதுதான் லாம்டாமூ. ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பாவெல் கர்ட்டிஸ் 1990-ல் தொடங்கிய எழுத்துலகம் அது. உள்ளே வருவோர் தாங்களே அறைகளையும் பொருள்களையும் கட்டலாம். 1992-ன் இறுதியில் கர்ட்டிஸ், நிருவாகிகள் இனி உறுப்பினர் பூசல்களில் தலையிடமாட்டார்கள் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டே ஓர் உறுப்பினர் பிறர் பாத்திரங்களை இழிவுபடுத்திய நிகழ்வு பெருங்கொந்தளிப்பானது. விளைவாக, உறுப்பினர்கள் மனு எழுதி, கையொப்பம் திரட்டி, வாக்கெடுத்துச் சட்டம் செய்யும் முறை வந்தது. அது நெடுநாள் நீடிக்கவில்லை. பூசலும் சோர்வும் மிகுந்து, 1996-ல் நிருவாகிகள் அதிகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். திண்ணையில் எட்டுப் பேர் பேசித் தீர்ப்பதை ஆயிரக்கணக்கானோர் பேசித் தீர்ப்பது எளிதன்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முயன்று தோற்றதற்கும் முயலாமலே விட்டுவிடுவதற்கும் வேறுபாடு உண்டு.

* * *

ஸ்ரீவில்லிபுத்தூரில் இணைய மையங்கள் பெருகிய இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், மின்னஞ்சல் பார்க்கப் போகும் எனக்குப் பக்கத்து இருக்கைகளிலிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்கும். பையன்கள் கணினிகளைக் கம்பியால் இணைத்து 'கவுண்டர் ஸ்ட்ரைக்' ஆடிக்கொண்டிருப்பார்கள். அந்த ஆட்டமே ஆட்டக்காரர்கள் செய்ததுதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. 'ஹாஃப் லைஃப்' என்ற ஆட்டத்தை மாற்றியமைத்து மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இருவர் 1999-ல் அதை வெளியிட்டார்கள்; மூல ஆட்டத்தின் உரிமையாளரான வால்வ் நிறுவனம் பின்னர் அதை வாங்கிக்கொண்டது. எங்கள் ஊர்ப் பையன்களும் தமக்கென்று விதி வைத்திருந்தார்கள். இன்ன துப்பாக்கியை எடுக்கக் கூடாது, ஒளிந்து நின்று சுடக் கூடாது, மீறினால் ஒரு சுற்று வெளியே. தீர்ப்புச் சொல்பவர் மையத்தின் உரிமையாளரான அண்ணன். அவர் குரல் எழுந்தால் துப்பாக்கிகள் அடங்கும்.

அந்த அண்ணனின் இடம் அடுத்த பத்தாண்டில் காலியாகிவிட்டது. ஆட்டம் மையத்தின் கணினியிலிருந்து எங்கோ உள்ள நிறுவனத்தின் வழங்கிக்குப் போய்விட்டது. 2009-ல் ஜிங்கா நிறுவனம் வெளியிட்ட 'ஃபார்ம்வில்' என்ற பண்ணை ஆட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விதைத்த பயிரைக் குறித்த நேரத்துக்குள் வந்து அறுக்காவிட்டால் அது வாடிவிடும். எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையிலேயே வகுப்பு மணியைவிட அந்தப் பயிரின் மணிக்கு அஞ்சியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலருக்குச் சொந்த ஊரில் உண்மையான தோட்டம் உண்டு. அதன் கிணற்றை எட்டிப்பார்த்து ஆண்டுகள் ஆகியிருந்தன. காத்திருக்க மனமில்லாதவர் பணம் கட்டி விரைவுபடுத்தலாம். எரிச்சலை முதலில் உண்டாக்கி, அதை நீக்குவதை விலைக்கு வைப்பது என்னும் வணிகமுறை இவ்வாறு பரவியது. ஸ்பேஸ்வார் காலத்தில் எரிச்சல், திருத்தத்துக்குக் காரணமாக இருந்தது. இப்போது வருவாய்க்குக் காரணமாயிற்று. 2020 டிசம்பர் 31 அன்று அந்தப் பண்ணை மொத்தமும் மூடப்பட்டது. அதைத் தாங்கியிருந்த ஃபிளாஷ் என்ற மென்பொருளின் ஆயுள் முடிந்துவிட்டது.

ஆட்டக்காரர்கள் எப்போதும் வாளாவிருந்துவிடவில்லை. ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003 முதல் நடத்தும் 'ஈவ் ஆன்லைன்' ஆட்டத்தில், 2008 முதல் ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மன்றம் ஒன்று உண்டு. 2011-ல் ஒற்றைக் கண்ணாடி போன்ற அலங்காரப் பொருள் ஒன்றுக்கு அறுபது டாலருக்கும் மேல் விலை வைத்தபோது, ஆட்டக்காரர்கள் ஆட்டத்துக்குள்ளேயே திரண்டு ஒரு நினைவுச்சின்னத்தைச் சுட்டுக்கொண்டே இருந்து மறியல் செய்தார்கள். நிறுவனம் மன்றத்தினரை நேரில் அழைத்துப் பேசியது. அவ்வாண்டு அக்டோபரில் அதன் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். கற்பனை விண்வெளியில் நடந்த உண்மையான கிளர்ச்சி அது.

* * *

2016-ல் கைப்பேசி இணையக் கட்டணம் வீழ்ந்தபின் இவையெல்லாம் எங்கள் ஊருக்குள்ளும் வந்துவிட்டன. 2018-ல் வந்த பப்ஜி கைப்பேசி ஆட்டம் வன்னியம்பட்டித் தெருமுனைகளில் ஒரு புதிய மௌனத்தைக் கொண்டுவந்தது. நான்கு பையன்கள் ஒரே பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். ஆனால் ஓயாமல் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அவர்களில் ஒருவன் என் மாணவன். பகலில் கல்லூரி, இரவில் ராஜபாளையத்துப் பஞ்சாலை ஒன்றில் மூன்றாம் ஷிப்ட். 2020 பொதுமுடக்கத்தில் இணைய வகுப்புக்காகக் கடன் வாங்கி ஒரு கைப்பேசி வாங்கினான். வகுப்பில் அவன் பெயர் தெரியும், குரல் வராது; ஆட்டத்தில் இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். அவ்வாண்டு செப்டம்பர் 2 அன்று நடுவணரசு 118 செயலிகளைத் தடைசெய்தது; பப்ஜி அவற்றில் ஒன்று. அக்டோபர் 30 அன்று இந்தியாவில் அதன் சேவை முற்றாக நின்றது. நான் உள்ளூர மகிழ்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இனியாவது பையன் பாடத்தைக் கவனிப்பான்.

சில நாள் கழித்து அவன் என்னைப் பார்க்க வந்தான். முகம் வாடியிருந்தது. ஆட்டம் போனதற்கு இவ்வளவு வருத்தமா என்று கேட்டேன்.

"ஆட்டம் போனா போகுது சார். எங்க டீம்ல தூத்துக்குடி உப்பளத்துல வேலை பாக்குற அண்ணன் ஒருத்தர் இருந்தாரு. ஒன்றரை வருசமா தினமும் பேசுவோம். அப்பாவுக்கு மேலுக்குச் சுகமில்லாம இருந்தப்போ ராத்திரி பூரா அவருதான் பேசிக்கிட்டே இருந்தாரு. அவரு நெசப் பேரு எனக்குத் தெரியாது சார். போன் நம்பரும் இல்ல."

பார்ட்டிலின் மூன்றாம் வகையினரை நான் ஏட்டில் படித்திருந்தேன். அன்றுதான் நேரில் கண்டேன். 2021 ஜூலையில் அதே ஆட்டம் இந்தியாவுக்கென வேறு பெயரில் வந்தது. 2022 ஜூலையில் கடைகளிலிருந்து அகற்றப்பட்டது. 2023 மே மாதம் நேரக்கட்டுப்பாடுகளுடன் மீண்டது. தரவுப் பாதுகாப்பு, நாட்டின் பாதுகாப்பு என்று காரணங்கள் சொல்லப்பட்டன; அவை பொருட்படுத்தத்தக்க காரணங்களே. ஆனால் மூடியபோதும் திறந்தபோதும், அந்தக் கூடத்துக்குள் மனிதர்கள் இருந்தார்கள், அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு போக இரண்டு நாள் தேவைப்படும் என்று எவரும் நினைத்ததாகத் தெரியவில்லை. நிறுவனமும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. அவன் அந்த அண்ணனைப் புதிய ஆட்டத்தில் நெடுநாள் தேடினான். கிடைக்கவில்லை.

* * *

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் கட்டுரை நேர்மையற்றதாகிவிடும்.

பணம் வைத்து ஆடும் இணைய ரம்மியில் என் உறவினர் ஒருவர் மனைவியின் நகைகளை இழந்தார். முதலில் சிறுசிறு தொகைகளாக வென்றிருக்கிறார். தோற்றுவிட்டு இரண்டு நாள் ஒதுங்கியிருந்தால், நள்ளிரவில் இலவச ஊக்கத்தொகை என்று செய்தி வந்து அழைத்திருக்கிறது. ஊர்த் திண்ணையிலும் அவர் சீட்டு ஆடியவர்தான். ஆனால் அங்கே அவருக்குத் தோல்வி கூடிக்கொண்டே போனால், "போதும், எந்திரி. வீட்டுல புள்ளைக இருக்கு" என்று கட்டைக் கலைத்துவிட ஒரு பெரியப்பா இருந்தார். கைப்பேசிக்குள் அந்தப் பெரியப்பா இல்லை. அங்கே இருந்தவர், "இன்னும் ஓர் ஆட்டம்" என்று சொல்லும் சகுனி.

சட்டத்தின் வரலாறு இங்கே சுற்றிச்சுற்றி வருகிறது. சென்னை மாகாணச் சூதாட்டச் சட்டம் 1930-ல் வந்தது. ரம்மி பெரும்பான்மையும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று 1968-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. பலர் பணமிழந்து உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகளின் பின்னணியில், 2020 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டத்தால் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்தது. அதையொட்டிய சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்ட்டில் நீக்கியது. 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. புதிய சட்டம் பேரவையில் இருமுறை நிறைவேறி, 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி அவற்றின் மீதான தடையை மட்டும் நீக்கி, ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்றது. 2025 பிப்ரவரியில் விதிமுறைகள் வந்தன. ஜூனில் நீதிமன்றம் அவற்றை ஏற்றது. அந்த ஆகஸ்ட்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்குத் தடைவிதித்துச் சட்டம் இயற்றியது.

அந்த 2025 பிப்ரவரி விதிமுறைகளை நான் ஓர் இலக்கிய மாணவனாக வாசித்தேன். பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளோர் ஆடக் கூடாது. நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஐந்து வரை உள்ளே விடக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால், அரைமணிக்கு ஒருமுறை எச்சரிக்கைப் பெட்டி திரையில் தோன்ற வேண்டும். மென்பொருளில் நாம் மிகவும் வெறுக்கும் பொருள் திடீரெனத் தோன்றும் அந்தப் பெட்டிதான். ஆனால் இங்கே அது யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது எங்கள் பெரியப்பா. திண்ணையில் ஒரு மனிதர் ஒரு சொல்லால் செய்ததை, அரசும் நீதிமன்றமும் ஐந்தாண்டு போராடி ஒரு பெட்டிக்குள் எழுதப் பார்த்திருக்கின்றன. பெட்டியைப் பெருக்கல் குறியைத் தொட்டு மூடிவிடலாம். பெரியப்பாவை மூட முடியாது. அவர் மறுநாளும் தெருவில் எதிரே வருவார்.

* * *

ஆட்டக்காரர்கள் இப்போது என்ன கேட்கிறார்கள்? யூபிசாஃப்ட் நிறுவனம் 2014-ல் விற்ற 'தி க்ரூ' என்ற ஆட்டத்தின் வழங்கியை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதன்பின் ஆட முடியவில்லை. ராஸ் ஸ்காட் என்பவர் முன்னெடுக்க, விற்ற ஆட்டத்தைக் கைவிடும்போது அதை ஆடத்தக்க நிலையிலாவது விட்டுச்செல்லுங்கள் என்று ஓர் இயக்கம் எழுந்தது. 2025 ஜூலைக்குள் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் மனுவில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டுவிட்டார்கள். அவர்கள் இலவசம் கேட்கவில்லை, புதுமையும் கேட்கவில்லை. கட்டத்தை அழித்துவிட்டுப் போகாதீர்கள் என்கிறார்கள்.

இணைப்பு தாமதிக்கிறது, ஏமாற்றுக்காரர் புகுந்துவிட்டார், பணம் கட்டியவனே வெல்கிறான், புதிய பதிப்பு பழைய பழக்கத்தைக் கெடுத்துவிட்டது என்று என் மாணவர்கள் சொல்லும் குறைகளைக் கூர்ந்து கேட்டால், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே ஆதங்கம் கேட்கிறது: இதை யாரிடம் போய்ச் சொல்வது? 1989-ல் அந்த முப்பது பேரும் இதைத்தான் மடல் மடலாக எழுதினார்கள். அவர்களுக்கு வாய்த்தது, கேட்டு எழுதிவைக்க ஒரு பார்ட்டில். நம் பையன்களுக்குக் கிடைப்பது, ஐந்து விண்மீன்களில் எத்தனை தருவீர்கள் என்று கேட்கும் இன்னொரு பெட்டி.

பழைய திண்ணை குற்றமற்றதென்று நான் சொல்லமாட்டேன். எல்லாரும் எல்லாத் திண்ணையிலும் ஏறி உட்கார்ந்துவிட முடியாத ஊர்களில்தான் நாம் வாழ்ந்தோம். உப்பளத்து அண்ணனும் பஞ்சாலைத் தம்பியும் ஒருவர் இன்னாரென்று கேளாமல் ஒன்றரை ஆண்டு பேசிக்கொண்டிருந்ததை அந்தத் திண்ணை தந்திருக்காது. ஆகவே திரும்பிப் போவது பற்றிய பேச்சில்லை இது. புதிய திண்ணைக்கும், உட்கார்ந்து ஆடுபவர் விதியைப் பற்றி வாய் திறக்கும் உரிமை வேண்டும் என்பதே என் கருத்து.

அன்றிரவு அம்மா கேட்டதற்குப் பிறகு, உணவுமேசை மீது சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் வரைந்தேன். மரமேசை பாழாகிறதே என்று மனைவி முணுமுணுத்துவிட்டுத் தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அம்மா கட்டையைக் கையில் எடுத்து இரண்டு முறை உரசினார். உருட்டுவதற்கு முன் எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார்:

"வெட்டினாத்தான் உள்ள போகணும். சம்மதமா?"